பென்சில் செல் டார்ச்சில் 3.7 வோல்ட் செல்: பெங்களூரில் வாங்கி, சோதித்து, கருகவிடாமல் பயன்படுத்த

எங்கள் வீடு அல்சூரில் மூன்றாவது மாடி. தண்ணீர் டேங்கர் விடியற்காலை ஐந்து மணிக்கு வரும். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தூக்கி, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்த பிறகுதான் டிரைவருக்குக் காசு கொடுப்போம். அதற்கு டார்ச் வேண்டும். ஏப்ரல், மே மாதத்து மாலை மழைக்கு நாலு தூறல் விழுந்ததும் கரண்ட் போகும், அதற்கும் வேண்டும். போன் வெளிச்சம் போதாதா என்று கேட்பீர்கள். என் போன் ஒருமுறை சம்ப்புக்குள் விழுந்தது. அதோடு அந்தப் பழக்கம் போயிற்று.

சட்டைப் பையில் அடங்கும் ஒற்றைப் பென்சில் செல் டார்ச் ஒன்று வாங்கினேன். வெளிச்சம் சுமார்தான். ஆபீஸில் ஒருவர், "பென்சில் செல்லை எடுத்துட்டு 14500 போடுங்க, கார் ஹெட்லைட் மாதிரி அடிக்கும்" என்றார். 14500 என்பது பென்சில் செல் அளவிலேயே வரும் 3.7 வோல்ட் லித்தியம் செல். போட்டேன். அவர் சொன்னபடியே அடித்தது. நாலு நிமிடம். பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை, அவ்வளவுதான்.

டார்ச் 650 ரூபாய், இரண்டு போலி செல் 240, உதவாத சார்ஜர் 150. மொத்தம் 1,040 ரூபாயைத் தொலைத்த பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இதற்கு நடுவில் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் பலியானது, அந்தக் கதை பின்னால். நீங்கள் அதே காசை அதே மாதிரி தொலைக்க வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. கையில் இருப்பது எந்த செல் என்று பிரித்துப் பாருங்கள்

பாதித் தொல்லை இங்கேதான். கீழே சொல்லும் அத்தனையும் பார்வைக்குப் பென்சில் செல்லாகவே இருக்கும். அத்தனையும் அதே டார்ச்சுக்குள் நுழையும்.

சாதாரண அல்கலைன் பென்சில் செல் 1.5 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட். நாம் பேசும் 14500 என்பது லித்தியம்-அயன், மேலே 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட் காட்டும். அந்த எண்ணைப் படிப்பது சுலபம்: 14 என்பது மி.மீ. கணக்கில் விட்டம், 50 என்பது நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கும். இதே கணக்கில் 10440 என்றால் ரிமோட்டுக்குப் போடும் சின்ன பென்சில் செல் அளவு. 16340 என்றால் கேமரா செல்லான சி.ஆர். 123ஏ அளவு. 18650 பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் தடித்த செல்.

இப்போது கடைகளில் இன்னொரு வகையும் வருகிறது. ‘லித்தியம் ரீசார்ஜபிள் 1.5 வோல்ட்’ என்று எழுதி, பக்கவாட்டில் யு.எஸ்.பி.-சி துளையோடு இருக்கும். உள்ளே இருப்பது லித்தியம் செல்தான் என்றாலும், ஒரு சின்ன சர்க்யூட் அதை 1.5 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. எந்தப் பென்சில் செல் டார்ச்சிலும் பயமில்லாமல் போடலாம், ஆனால் வெளிச்சம் அதிகமாகாது. ‘லித்தியம்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து இதை வாங்கிவிட்டு, ஏன் பிரகாசம் ஏறவில்லை என்று கேட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ரீசார்ஜ் செய்யவே கூடாத 1.5 வோல்ட் லித்தியம் செல்லும் தனியாக உண்டு. அதை சார்ஜரில் போடவே கூடாது.

அதனால் பெயரை விட்டுவிட்டு வோல்ட் எண்ணைத் தேடுங்கள். 3.6 அல்லது 3.7 என்று இருந்தால் மட்டுமே இந்தக் கட்டுரை உங்களுக்கு. 3.2 என்று இருந்தால் அது இரும்பு பாஸ்பேட் வகை. அதன் உச்சம் 3.65 வோல்ட், அதற்குச் சார்ஜரே வேறு.

2. உங்கள் டார்ச் 4.2 வோல்ட்டைத் தாங்குமா?

நான் தோற்ற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஒற்றைப் பென்சில் செல்லில் இருப்பது ஒன்றரை. அதனால் டார்ச்சின் தலைக்குள் ஒரு குட்டி சர்க்யூட் உட்கார்ந்து, ஒன்றரை வோல்ட்டை மூன்றாக ஏற்றிக் கொடுக்கிறது. வீட்டு மோட்டார், சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மாதிரி. சம்ப்பே மாடித் தொட்டிக்கு மேலே இருந்தால் மோட்டாருக்கு என்ன வேலை? தண்ணீர் தானாகவே பாய்ந்து இறங்கும், தடுக்க ஆளில்லை. 4.2 வோல்ட் செல்லைப் போட்டதும் நடப்பது அதேதான். ஏற்றுவதற்கு ஒன்றுமில்லாததால் மின்சாரம் அந்தச் சர்க்யூட்டின் சுருளையும் டையோடையும் கடந்து நேராக எல்.இ.டி.க்குள் பாய்கிறது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வருவது அதனால்தான். ‘லோ’, ‘மீடியம்’ வைத்தாலும் ஒரே மாதிரி எரிவதும் அதனால்தான். சூடு ஏறி, சர்க்யூட்டோ எல்.இ.டி.யோ கருகுவதும் அதன் தொடர்ச்சி.

இரண்டு வகை செல்லுக்கும் என்றே செய்த டார்ச்சுகள் உண்டு. அவற்றின் சர்க்யூட், வோல்ட் கூடினால் இறக்கவும் தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க டார்ச்சோடு வரும் மடித்த தாளை எடுத்துப் பாருங்கள். ‘வேலை செய்யும் வோல்ட்டேஜ் 0.9 முதல் 4.2 வரை’ என்ற மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும். அல்லது வெளிச்ச அளவு பட்டியலில் பென்சில் செல்லுக்கு ஒரு கட்டமும் 14500க்கு ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘0.9 முதல் 1.5 வரை’ என்றோ, வெறுமனே ‘1 ஏஏ’ (ஏஏ என்பது பென்சில் செல்லின் அளவுப் பெயர்) என்றோ இருந்தால் போடாதீர்கள். ‘3 வோல்ட் வரை’ என்றிருந்தாலும் போடாதீர்கள். தாள் தொலைந்துவிட்டதா? தயாரிப்பாளர் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கும் கிடைக்கவில்லை என்றால் பதில் ‘தாங்காது’தான். கடைக்காரர் ‘எல்லாம் ஓடும் சார்’ என்று சொல்வது கணக்கில் சேராது. என்னிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

அந்தப் பக்கத்தை அப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி கேட்கப் போகும்போது முதல் கேள்வி என்ன செல் போட்டீர்கள் என்பதுதான்.

ஒற்றைச் செல் அல்லாத டார்ச்சுகளுக்குத் தனிக் கணக்கு:

இரண்டு பென்சில் செல் டார்ச்சில் இரண்டு 14500 போட்டால் 8.4 வோல்ட். அந்த டார்ச் எதிர்பார்ப்பது மூன்று. யோசிக்கவே வேண்டாம். ஒரு 14500 போட்டு, இன்னொரு இடத்தில் ‘டம்மி’ செல் போடும் வழக்கமும் உண்டு. டம்மி என்பது மின்சாரத்தை வெறுமனே கடத்தும் உருளை. அதற்கும் அந்த டார்ச் 4.2 தாங்குவதாக எழுதியிருக்க வேண்டும். டம்மியை மறந்துபோய் வேறு கருவியில் செல்லாகப் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. நான் அந்த வழிக்குப் போகவில்லை.

மூன்று சின்ன பென்சில் செல்லை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்துச் செருகும் ஜூம் டார்ச் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அங்கே 1.5 மூன்று தடவை, அதாவது 4.5 வோல்ட். அதே குழாயில் ஒற்றை 18650 செல் பொருந்தினால் 4.2 வோல்ட்தான், வோல்ட் கணக்கில் இடிக்காது. இரண்டு வழியும் காட்டியே பல டார்ச்சுகள் விற்கிறார்கள். ஆனால் சின்ன செல்கள் மூன்றும் சேர்ந்து தர முடியாத அளவு கரண்டை 18650 தரும். ஆகவே அதிலும் சூட்டைப் பாருங்கள். அந்தக் கூட்டில் மூன்று 10440 வைத்தால் 12.6 வோல்ட், டார்ச்சை வழியனுப்பிவிட வேண்டியதுதான்.

கண்ணாடி பல்பு போட்ட பழைய டார்ச் தாத்தா நினைவாக வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டு கட்டை டார்ச்சின் பல்பு இரண்டரை வோல்ட் சுமாருக்கானது. 4.2 பட்டதும் ஒரு பளிச், பிறகு இருட்டு.

3. பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லா, இல்லாததா?

உள்ளதையே வாங்குங்கள். கடையில் ‘புரொடெக்டட்’ என்று கேட்கலாம். செல்லின் அடியில் ஒரு வட்டப் பலகை ஒட்டியிருக்கும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலோ, அடிமட்டம் வரை வடிந்தாலோ, ஷார்ட் ஆனாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

எனக்குப் பிறகுதான் புரிந்த ஒரு விஷயம். 0.9 வோல்ட்டிலேயே வேலை செய்யும் டார்ச் என்றால், லித்தியம் செல் 2.5க்கு வந்தாலும் அந்த டார்ச்சுக்கு அது காலியான செல்லாகத் தெரியாது. உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லித்தியம் செல்லோ இரண்டுக்குக் கீழே போனால் உள்ளே கெட்டுப்போகிறது, மறுபடி சார்ஜ் செய்வது ஆபத்து. இரண்டு வகை செல்லும் போடலாம் என்ற டார்ச்சின் வசதியே இங்கே வில்லங்கமாகிறது. பாதுகாப்புப் பலகை இருந்தால் அந்தப் பாரத்தை அது சுமக்கும்.

பலகை சேர்வதால் செல்லின் நீளம் இரண்டு மூன்று மி.மீ. கூடும். பென்சில் செல் 50.5 மி.மீ.; இது 52, 53 கூட வரலாம். சில டார்ச்சுகளில் மூடி முழுதாகத் திருகாது. அழுத்தித் திருகாதீர்கள், செல்லின் அடிப்பலகை நசுங்கும். கடைக்குப் போகும்போது டார்ச்சைக் கையோடு எடுத்துப் போய், அங்கேயே போட்டுப் பாருங்கள். பிளஸ் முனையில் மொட்டு இருப்பது, தட்டையாக இருப்பது என இரண்டு உண்டு. பென்சில் செல் டார்ச்சுக்கு மொட்டு உள்ளதே பொருந்தும்.

4. எங்கே வாங்குவது, என்ன காகிதம் கேட்பது

பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் எஸ்.பி. ரோடுதான். மெட்ரோவில் போகிறவர்கள் மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, அடுத்த நிறுத்தமான சிக்பேட்டையில் இறங்கி நடக்கலாம். பைக்கில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலை நெரிசலில் யாரும் உங்களுக்கு நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வார நாளில், பதினொன்றரை மணி வாக்கில் போனால் கடைக்காரரும் டீ குடித்துத் தெம்பாக இருப்பார். கன்னடமும் இந்தியும் ஓடும் தெரு. ஆனாலும் தமிழ் பேசும் கடைப் பையன்கள் அங்கங்கே உண்டு.

அப்படி ஒருவரிடம்தான் நான் சிக்கினேன். "அண்ணா, இது 2,500 எம்.ஏ.எச்., நூத்தி இருபதுதான்" என்றார். எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர்-மணி, செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்ற கணக்கு. 14500 அளவுக்குள் நேர்மையாக அடைக்கக்கூடியது 700 முதல் 1,000 எம்.ஏ.எச். சுமார். அதற்கு மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எழுதியிருந்தால் அச்சிட்டவருக்கு மனம் தாராளம் என்று அர்த்தம். நல்ல செல்லின் எடை 20 கிராம் வாக்கில் இருக்கும். நான் வாங்கியதை அடுப்படித் தராசில் வைத்தேன், 12 கிராம். அன்று இரவே தூக்கம் போயிற்று.

பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்து, புதிய உறை போட்டு விற்கும் 18650 செல்களும் இந்தத் தெருவில் புழங்கும். உறை பளபளப்பாக இருக்கும். மைனஸ் பக்கத்துத் தகட்டைப் பாருங்கள். முன்பு பற்றவைத்திருந்த புள்ளித் தழும்பு இருந்தால் அது பழைய செல். வேண்டாம்.

கேட்க வேண்டிய காகிதங்கள் மூன்று.

முதலாவது, ஜி.எஸ்.டி. எண் போட்ட பில். அதில் ‘பேட்டரி - 2’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். தயாரிப்பாளர் பெயர், 14500, எம்.ஏ.எச். மூன்றும் எழுதச் சொல்லுங்கள். பில் போட்டால் விலை கூடும் என்பார்கள். கூடட்டும். எனக்கு முதல் தடவை பில் இல்லாததால்தான் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ‘இது எங்க கடைச் சரக்கே இல்லை’ என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு வர வேண்டியிருந்தது.

இரண்டாவது, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை. இந்த வகை செல்களுக்கு இந்தியாவில் கட்டாயப் பதிவு உண்டு. செல்லின் மீதோ அட்டையிலோ ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த ஆர்-எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும். கடை வாசலிலேயே தட்டிப் பாருங்கள். பவர் பேங்க்குக்கு வாங்கிய எண்ணை செல்லில் அச்சிட்டிருப்பதையும் அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது, செல்லின் விவரத் தாள். எவ்வளவு ஆம்பியர் வரை தரும், எவ்வளவில் சார்ஜ் செய்யலாம் என்ற இரண்டு எண்கள் அதில் இருந்தால் போதும்.

இணையத்தில் வாங்கினாலும் இதே மூன்றைப் பாருங்கள். லித்தியம் செல்லைப் பெரும்பாலும் தரை வழியாகவே அனுப்புவதால், நாளைக்கே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு எட்டு நாள் ஆனது.

5. சார்ஜர்

நிக்கல் செல்லுக்கான சார்ஜரில் இதைப் போடக் கூடாது. அளவு ஒன்றே என்பதால் கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் பயங்கரம். லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நின்றுவிடும் சார்ஜர் வேண்டும். வாங்கும்போது சார்ஜரின் கரண்ட் எண்ணையும் பாருங்கள். செல்லின் எம்.ஏ.எச். எண்ணில் பாதி என்பது நல்ல கணக்கு. 800 எம்.ஏ.எச். செல்லுக்கு 400, 500 மில்லி ஆம்பியர் போதும். ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் சார்ஜர்கள் 18650க்கானவை. 300 சொச்சம் எம்.ஏ.எச். மட்டுமே உள்ள 10440ஐ அதில் போட்டால் செல் சுடச்சுட வெளியே வரும்.

6. மீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்

அதே எஸ்.பி. ரோட்டில் மஞ்சள் நிற மல்டிமீட்டர் 220 ரூபாய்க்கு வாங்கினேன். டார்ச்சை விட முக்கியமான சாமான் இது.

குமிழை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸ்ஸிலும் தொடுங்கள். புதிய செல் 3.6 முதல் 3.8 வரை காட்டினால் நல்லது. 2.5க்குக் கீழே காட்டினால் சார்ஜ் செய்யாமலே கடைக்குத் திருப்புங்கள். சுழியம் காட்டினால் உடனே பதற வேண்டாம். பாதுகாப்புப் பலகை துண்டித்திருந்தாலும் வெளியே சுழியம்தான் தெரியும். சார்ஜரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் விழித்துக்கொண்டு 3 வோல்ட்டுக்கு அருகே காட்டும். அப்படி விழிக்கவில்லை என்றால் திருப்புங்கள்.

முதல் சார்ஜை வீட்டில் நீங்கள் விழித்திருக்கும்போது செய்யுங்கள். மெத்தை, சோபா, துணி மடித்த மேஜை வேண்டாம்; டைல்ஸ் தரையில், ஒரு எவர்சில்வர் தட்டு மேல் வைத்தேன். 800 எம்.ஏ.எச். செல்லுக்கு அரை ஆம்பியரில் இரண்டு மணி நேரம் சுமாராகும். நடுவில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்து மீட்டரில் வையுங்கள். 4.15 முதல் 4.20 வரை இருக்க வேண்டும். என்னுடைய 150 ரூபாய் சார்ஜர் 4.31 காட்டியது. 4.25ஐத் தாண்டினாலே அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். செல்லை ஒரு நாள் சும்மா வைத்து மறுபடி பாருங்கள். 4.2லிருந்து 4.17க்கு வந்தால் சாதாரணம். 4.0க்கு இறங்கினால் உள்ளே கசிகிறது.

7. டார்ச்சில் போட்டு முதல் சோதனை

செல்லைப் போடுமுன் பிளஸ் எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பாருங்கள். தலைகீழாகப் போட்டால் பென்சில் செல் மன்னிக்கும், இது மன்னிக்காது.

முதலில் பத்தே விநாடி எரியவிட்டு அணையுங்கள். தலைப் பக்கம் முகர்ந்து பாருங்கள். பிறகு லோ, மீடியம், ஹை மூன்றும் தனித்தனி வெளிச்சமாக வருகிறதா? மூன்றும் ஒன்றாகவே தெரிந்தால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் செல்லை எடுத்துவிடுங்கள்.

ஸ்விட்ச் பின்மூடியில் இருக்கும் டார்ச்சில் இன்னொரு சோதனை செய்யலாம். மூடியைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழை 10 ஆம்பியருக்குத் திருப்பி, ஒரு முனையை செல்லின் மைனஸ் தகட்டிலும் இன்னொன்றை டார்ச் குழாயின் வெறும் உலோக விளிம்பிலும் தொடுங்கள். சாயம் பூசிய இடத்தில் தொட்டால் ஓடாது. டார்ச் எரியும், எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டர் சொல்லும். சாதாரண 14500 செல்லிலிருந்து அதன் எம்.ஏ.எச். எண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கக் கூடாது. 800 என்றால் 1.6 ஆம்பியர். உங்கள் செல்லின் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இதை முடித்ததும், வேறு எதையும் தொடுமுன், சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றுங்கள். நான் மறந்தேன். மறுநாள் வோல்ட் பார்க்கிறேன் என்று செல்லின் இரு முனையையும் தொட்டேன். 10 ஆம்பியர் துளையில் வயர் இருந்தால் மீட்டரே ஒரு கம்பித் துண்டுதான், செல் நேரடியாக ஷார்ட். படபடவென்று பொறி பறந்து, முனை கறுத்தது. பலகை உள்ள செல் என்பதால் அது துண்டித்துக்கொண்டு பிழைத்தது. நானும்தான்.

8. அன்றாடப் பயன்பாட்டில்

ஹையில் இரண்டு மூன்று நிமிடம் எரித்தாலே கட்டைவிரல் அளவு டார்ச் கொதிக்கும். சூடு போக அதில் உடம்பு கிடையாது. கையில் பிடித்திருப்பது ஓரளவு உதவும். எரியவிட்டு மேஜையில் நிற்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் மீடியத்தில்தான் ஓடுகிறது, சம்ப்பின் அடி தெளிவாகத் தெரிகிறது.

வெளிச்சம் கூடும், எரியும் நேரம் கூடாது. கணக்கைப் பாருங்கள். 2,000 எம்.ஏ.எச். நிக்கல் செல் 1.2 வோல்ட்டில் 2.4 வாட்-மணி (செல்லில் அடங்கும் மொத்தச் சக்தி). 800 எம்.ஏ.எச். லித்தியம் 3.7 வோல்ட்டில் 2.96. வித்தியாசம் கொஞ்சம்தான், அதையும் கூடுதல் வெளிச்சம் தின்றுவிடும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் சார்ஜில் போடுங்கள். முழுக்க வடியவிடுவது நல்லது என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு.

பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். திருகுப் புரியில் சாயம் பூசியிருக்கும் டார்ச்சுகளில் இதுவே பூட்டு. என் பைக்குள் தானாக எரிந்து மதிய உணவு டப்பாவைச் சுட வைத்த நாளிலிருந்து மறப்பதில்லை.

உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தாதீர்கள். பிளஸ் மொட்டைச் சுற்றியுள்ள விளிம்பு வரை உடம்பு முழுதும் மைனஸ். ஒரு சின்னக் கிழிசல் போதும்.

இப்போது கடிகாரக் கதை. மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஹால் கடிகாரம் நின்றிருந்ததைப் பார்த்து, அலமாரியில் இருந்த ‘புது செல்லை’ எடுத்துப் போட்டார். "செல்லு மாத்தினேன், அப்பவும் ஓட மாட்டேங்குது மாப்ளே" என்றார். ஒன்றரை வோல்ட் கடிகாரத்தில் நாலு வோல்ட். அதற்குப் பிறகு சரியான செல் போட்டும் ஓடவில்லை. தப்பு அவர்மேல் இல்லை, பென்சில் செல்லாகத் தெரிந்ததை பென்சில் செல்லாக வைத்திருந்தது நான். இப்போது ஒவ்வொரு 14500 மேலும் சிவப்பு டேப் சுற்றி, ‘டார்ச் மட்டும்’ என்று எழுதி, மூடியுள்ள தனி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன். ரிமோட், பொம்மை, பி.பி. மெஷின் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் இந்த செல்லை உள்ளே கொண்டுவராதீர்கள். டேப் மெல்லியதாக, ஒரே சுற்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் டார்ச்சுக்குள் சிக்கிக்கொள்ளும்.

மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் 3.7, 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். முழு சார்ஜில் கிடந்தால் சீக்கிரம் கிழடாகும்.

9. எவ்வளவு செலவு, எத்தனை நாள்

இரண்டாவது சுற்றில் நான் கொடுத்தது: பலகை உள்ள செல் இரண்டு 560, அரை ஆம்பியர் சார்ஜர் 450, மீட்டர் 220, டப்பா 40. மொத்தம் 1,270 ரூபாய், டார்ச் தனி. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் இது மாறும்.

நாள் கணக்கு: டார்ச்சின் தாளைத் தேடி உறுதிசெய்ய ஒரு மாலை. கடைக்குப் போக அரை நாள், இணையம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல். முதல் சார்ஜ், ஒரு நாள் காத்திருப்பு, டார்ச் சோதனை என்று இரண்டு நாள். அவசரமாக இந்த வாரக் கடைசியில் மலையேறப் போகிறீர்கள் என்றால் அல்கலைன் செல்லோடு போய் வாருங்கள்.

செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சம்தான் வேண்டுமென்றால் நிக்கல் செல் நாலும் அதற்கான சார்ஜரும் வாங்குங்கள். டார்ச், ரிமோட், கடிகாரம் எல்லாவற்றுக்கும் ஆகும், யாரும் எதிலும் தப்பாகப் போட முடியாது. என் கருத்தில் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு அதுவே சரி. மீதி இரண்டு வீட்டுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

10. ஊருக்கு எடுத்துப் போகும்போது, தூக்கிப் போடும்போது

விமானத்தில் போகிறவர்கள் தனி செல்லைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் லித்தியம் உதிரி செல் கூடாது. டப்பாவில் வைத்து, அல்லது முனைகளில் டேப் ஒட்டி எடுத்துப் போங்கள். சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போடுவதும் ஷார்ட்டுக்கு அழைப்பு.

வீங்கிய, உறை கிழிந்த, இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போன செல்லைக் குப்பையோடு சேர்க்காதீர்கள். குப்பை வண்டியில் அழுத்தும்போது தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய செல்லைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் உண்டு, வாங்கிய இடத்தில் முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். சில அடுக்ககங்களில் மாதம் ஒருமுறை அவர்களே வருவார்கள். அதுவரை இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பால்கனியில் மூடாத தகர டப்பாவில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். மாமனார் அதன்மேல் தன் கையெழுத்தில் ‘கடிகாரத்துக்கு ஆகாது’ என்று எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போனார்.